சுவரின் உட்புறம்



விடுமுறை வந்ததும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறீர்கள். இரண்டு நாட்கள் உறவினர் வீடுகளில் கழிகின்றன. மூன்றாம் நாளிலிருந்து வெளியே மழை, பிள்ளைகளின் கையில் கைப்பேசி. அந்த நாட்களுக்கு ஏற்ற ஒரு கைவேலையை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். மாதிரி இரயில் பாதையின் ஓரத்தில் நிறுத்தும் சிறிய மரக் கட்டடத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து கட்டுவதே அது.

இதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பூனாவில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் பல ஆண்டுகள் உழைத்து அமைத்த மாதிரி இரயில் நகரம், 1998 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. மும்பையிலும் பூனாவிலும் வாழும் வாசகர்கள் ஒருமுறை பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். உலகில் மிகுதியாக வழங்கும் அளவு எச்.ஓ. எனப்படும். உண்மைப் பொருளில் 87 அடி இருப்பது மாதிரியில் 1 அடியாகும். அதாவது ஓர் அடிக்கு மூன்றரை மில்லி மீட்டர். ஆறடிக் கதவு 21 மி.மீ. உயரத்தில் நிற்கும். நம் ஊர்களுக்கு முதன்முதலாக இரயிலைக் கொண்டுவந்த திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 87 கிலோ மீட்டர். எச்.ஓ. அளவில் முழுவதையும் அமைத்தால் 1 கிலோ மீட்டர் நீளும்! நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று நிலையங்களைச் சொல்லிக்கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், வகுப்பில் சலிப்பூட்டிய விகிதக் கணக்கு பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

கடைகளில் 'கிட்' என்ற பெயரில் விற்கும் பெட்டியில், லேசர் கதிரால் நறுக்கிய மெல்லிய பலகைகளும், சன்னல், கதவு, கூரைக்கான துண்டுகளும், விளக்கப்படமும் இருக்கும். பெட்டியைத் திறந்தவுடன் பசையை எடுக்காதீர்கள். விளக்கப்படத்தை முழுவதும் வாசித்து, துண்டுகளை எண்ணி, ஓரங்களை மென்மையான உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்குங்கள். கூரிய கத்தியைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

அடுத்து வருவதே முக்கியமான வேலை. அவசரக்காரர்கள் சுவர்களை உடனே ஒட்டி, வெளிப்புறத்தில் மட்டும் வண்ணம் பூசி மகிழ்வார்கள். மறுநாள் காலையில் சுவர் அப்பளம்போல் வளைந்திருக்கும். காரணம் எளிது. மரம் ஈரத்தை உறிஞ்சினால், ரேகை ஓடும் திசையில் அதிகம் நீளாது. ரேகைக்குக் குறுக்கே விரியும். ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் உலர்ந்திருந்தால் பலகை வளையத்தான் செய்யும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நம் எல்லைக் கிராமங்களின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகையால் வண்ணம் பூசுவதற்கு முன்பே, சுவரின் உட்புறத்தில் ரேகைக்குக் குறுக்காக 3 மி.மீ. கனமுள்ள மரச் சட்டங்களை ஒட்டுங்கள். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். சமதளத்தில் கிடத்தி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிறகு உள்ளும் புறமும் மெல்லிய பூச்சாக வண்ணம் கொடுங்கள். நன்றாக உலர்ந்த பின்னரே மூலைமட்டம் வைத்துச் சுவர்களை இணைத்து, கடைசியில் கூரையை ஏற்றுங்கள்.

கூரை ஏறிவிட்டால் அந்தச் சட்டங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கிறவர்கள் சன்னலையும் வண்ணத்தையுமே புகழ்வார்கள். ஆகிலும் அடுத்த மழைக்காலத்திலும் சுவர் நேராக நிற்பதற்கு உள்ளே மறைந்திருக்கும் அந்தச் சட்டங்களே காரணம். யாரும் காணாத இடத்திலும் ஒழுங்காக வேலை செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு அறிவுரையால் கொடுப்பது கடினம். தகப்பனாரோடு மேசையருகே பத்து மாலைகள் உட்கார்ந்தால் அவர்கள் அதைக் கண்டு கற்றுக்கொள்வார்கள்.

வெளிநாட்டுப் பெட்டியின் விலை உங்கள் வருமானத்துக்கு மிஞ்சியதானால் மனம் தளர வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சிகளும், தச்சுப் பட்டறையில் மிஞ்சும் மெல்லிய மரச் சீவல்களும் தொடங்குவதற்குப் போதும். இவ்வகையில் கட்டுவதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் உங்கள் தாத்தாவின் ஓட்டு வீடு.

அயனிப் பலாவிலும் தேக்கிலும் உத்திரமும் கழிக்கோலும் இட்டுக் கட்டிய அத்தகைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் காங்கிரீட் கட்டடங்கள் எழும்புகின்றன. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு காத்து வருகிறது. உங்கள் குடும்ப வீட்டைக் காக்க எந்த அரசும் வராது. ஆகவே இந்த விடுமுறையிலேயே அளவு நாடாவை எடுங்கள். பிள்ளை ஒரு முனையைப் பிடிக்கட்டும். தாத்தா ஒவ்வொரு அறையின் பயனையும் சொல்லட்டும். நெல் எங்கே வைத்தார்கள், யார் எந்தத் திண்ணையில் படுத்தார்கள் என்பதையும் அளவுகளோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 24 அடி நீளமான வீடு, எச்.ஓ. அளவில் 84 மி.மீ. மட்டுமே. நகரத்தின் ஒற்றை அறை வீட்டிலும் அதை வைக்க ஓர் அலமாரித் தட்டு போதும்.

மரத்தை அடுத்த ஆண்டும் வாங்கலாம். ஆனால் அந்த வீட்டின் அளவுகளையும், அவற்றை விளக்கிச் சொல்லும் தாத்தாவையும் அடுத்த ஆண்டு வரை தள்ளிப்போடாதீர்கள்.