பயிற்சி உணவகம் நமக்குச் சொல்லும் பாடம்



கடைக்குப் புதிதாக வரும் பையன் எங்கே தொழில் கற்கிறான்? வாடிக்கையாளர் முன்னால்தான். எடை தவறினால் முதலாளியின் ஏச்சு. பில் தவறினால் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு. நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கிய பையன் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். பிறகு, "ஆள் கிடைக்கவில்லை" என்று சங்கக் கூட்டத்தில் குறைப்பட்டுக் கொள்கிறோம். இதற்கு மாற்று வழி உண்டா என்று கேட்பவர்கள், ஒரு நாள் கேட்டரிங் கல்லூரி ஒன்றின் பயிற்சி உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

ஓட்டல் தொழிலைக் கல்லூரியில் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1954-லேயே பம்பாயில் கல்லூரி தொடங்கிவிட்டது. 1982-ல் மத்திய அரசு இதற்கெனத் தேசியக் கவுன்சில் ஒன்றை அமைத்தது. நம் மாநிலத்தில் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு சார்ந்த கல்லூரிகள் உள்ளன. தனியார் கல்லூரிகளும் பல. மாணவர்களே சமைத்து, மாணவர்களே பரிமாறும் உணவகம் இப்படிப்பில் ஒரு பாடம். இன்று அடுப்படியில் நிற்பவர் இன்னொரு முறை பரிமாறுவார். ஆசிரியர் ஓரமாக நின்று கவனிப்பார்.

அண்மையில் அத்தகைய கல்லூரி ஒன்றில் சங்க நண்பர்கள் நால்வருடன் நாம் உணவருந்தினோம். சூப் வரத் தாமதம். தண்ணீர் ஊற்றிய மாணவியின் கை நடுங்கி, மேஜை விரிப்பு நனைந்தது. அங்கே யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை. கேப்டனாக இருந்த மாணவர் வந்து வருத்தம் தெரிவித்தார். ஆசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார். திருத்தமெல்லாம் விருந்தினர் போன பிறகுதான் என்றார். நண்பர் ஒருவர் மட்டும், "காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வாங்கியது பொருள் செலவை ஒட்டிய விலை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் என்று தெரிந்தே போய் உட்காருகிறோம்.

நம்மைக் கவர்ந்தது அவர்கள் கணக்கு. நாம் கேட்ட உணவை எழுதும் சீட்டுக்கு மூன்று பிரதி. ஒன்று அடுப்படிக்கு, ஒன்று கல்லாவுக்கு, ஒன்று பரிமாறுபவர் கையில். சீட்டு இல்லாமல் அடுப்படியிலிருந்து ஒரு தட்டும் வெளியே வராது. எத்தனை பேருக்கு எத்தனை கிராம் என்று முன்கூட்டியே எழுதி, அதன்படிதான் ஸ்டோரிலிருந்து சரக்கு எடுக்கிறார்கள். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். வரவு, செலவு, இருப்பு மூன்றும் அட்டையில் ஏற வேண்டும். பல கடைகளில் இவை முதலாளியின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன என்பதை நாம் மறுக்க முடியுமா?

சாப்பிட்டு முடித்ததும் கருத்து எழுதத் தாள் தந்தார்கள். நண்பர்கள் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டனர். அது பெருந்தன்மைதான்; ஆனால் பிள்ளைகளுக்கு உதவாது. சாம்பாரில் பருப்பு சரியாக வேகவில்லை. நாம் அதை எழுதினோம். விசாரித்தபோது, கிராம் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்த மாணவருக்கு, பழைய பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. பழைய அரிசி கூடுதல் தண்ணீர் கேட்கும், புது அரிசி குழையும். குண்டு மிளகாய்க்கும் நீட்டு மிளகாய்க்கும் காரமும் நிறமும் வேறு. விரலி மஞ்சள் வேறு, கிழங்கு மஞ்சள் வேறு. இவையெல்லாம் மூட்டையில் கையை விட்டுப் பார்த்துக் கற்க வேண்டியவை. அந்தப் பள்ளிக்கூடம் நம் மண்டிதான்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, அருகிலுள்ள கேட்டரிங் கல்லூரிக்கு நம் உறுப்பினர்கள் குழுவாகச் சென்று உணவருந்தி, நிறை குறைகளை மறைக்காமல் எழுதித் தர வேண்டும்.

இரண்டு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அம்மாணவர்களை மண்டிக்கு அழைத்துச் சரக்கின் ரகங்களைக் காட்ட வேண்டும். நாளை ஓட்டல்களுக்குச் சரக்கு வாங்கப் போகிறவர்களும் அவர்களே.

மூன்று, நம் பையன்களுக்கும் ஒரு பயிற்சிக் கடை வேண்டும். இன்று தராசு பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. 2017-லிருந்து ஜி.எஸ்.டி. பில், காலாவதித் தேதி, செல்போனில் பணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது, எல்லாம் தெரிய வேண்டும். சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு பில் மெஷின் போட்டு, அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் முறை வைத்து அமர்ந்தால் போதும். வாடிக்கையாளராக நம் வீட்டுப் பெண்களே வரட்டும். பையன் அங்கே தவறட்டும்; அங்கேயே திருந்தட்டும்.

கடைக்கு ஆள் வரவில்லை என்று சொல்லும் முன், வந்தவனுக்கு நாம் எப்படிக் கற்றுக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைத்து விவாதிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக் கொள்கிறோம்.