புதுவெள்ளத்தில் யார் நீர் எடுப்பது?

திருவனந்தபுரத்தின் குடிநீர் அகத்தியமலைக் காடுகளை ஒட்டிப் பிறக்கும் கரமனை ஆற்றிலிருந்து, பேப்பாறை, அருவிக்கரை நீர்த்தேக்கங்கள் வழியாக வருகிறது. மழையற்ற நாள்களில் காட்டோடைகளுக்கு நீர் தருவது நிலத்தடிக் கசிவே. பாறையிலிருந்து கரைந்த சிலிக்காவும் கால்சியமும் அதில் மிகுந்திருக்கும். பெருமழையில் மேல்மண்ணையும் சருகையும் அலசி வரும் நீர் அவற்றை நீர்க்கச் செய்து, கரைந்த கரிமப் பொருளின் அளவை உயர்த்துகிறது. கோடைக்குப் பின்வரும் முதல் வெள்ளத்தில் இவ்வுயர்வு பெரும்பாலும் கடுமையாக இருக்கும். (அதற்குத் தமிழில் புதுவெள்ளம் என்றும், மலையாளத்தில் கலங்கிய நீருக்குக் கலக்கவெள்ளம் என்றும் தனிச்சொல் உண்டு. ஆய்வேடுகளின் அட்டவணையில்தான் அதற்கு இடமில்லை.)

மாதம் ஒருமுறை, தெளிந்த பகலில் எடுத்த மாதிரியைக் கொண்டு ஆண்டுச் சுமையைக் கணக்கிடுவது ஏற்கத்தக்கதா? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தென்கேரளக் கரையை ஒட்டிக் கடந்தது. அத்தகைய ஓரிரவில் ஓடை கடத்தும் கரிமப் பொருள் பல வார அமைதியோட்டத்தை விஞ்சக்கூடும். கரிமம் மிகுந்த நீரில் குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்கள் உருவாவதால், இப்பிழை குடிப்போரையும் தொடுகிறது.

கருவியின் விலையும் காட்டுவழியும் தடைகளே. ஆயினும் நீர்மட்டம் உயர்ந்தவுடன் தானே இயங்கும் மாதிரியெடுப்பானை ஓர் ஓடையிலேனும் நிறுவுவது, இருபது ஓடைகளில் மாதந்தோறும் குடுவை நிரப்புவதைவிட மிகுதியாகச் சொல்லும்.