ஷ்பயர் பேராலயத்துக்கு அரை நாள் கொடுங்கள்

வால்டோர்ஃப், வீஸ்லோக், நுஸ்லோக், சாங்க்ட் லேயோன்-ரோட் வட்டாரத்தில் வாழும் தமிழ்ச் சொந்தங்களே,

கோடை வந்துவிட்டால் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்துவிடுவார்கள். மூன்று மாத விசாவில் வந்தவர்களை வார இறுதியில் எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும்போது, ஹைடல்பெர்க் கோட்டைக்கு அடுத்தபடியாக எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஷ்பயர். காரில் இருபது கிலோமீட்டர்தான். தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உயரத்தில் நிறுத்தியிருக்கும் ஜம்போ விமானத்தில் ஏறி இறங்குகிறோம், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குனிந்து நுழைந்து வெளியே வருகிறோம். பிள்ளைகள் சோர்ந்துபோன பிறகு, "பக்கத்திலேயே பெரிய சர்ச் இருக்கிறது, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்" என்று பேராலயத்துக்குள் நுழைகிறோம். வாசலில் ஒரு படம், உள்ளே ஒரு படம், அவ்வளவுதான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.

இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். எங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் உண்டு. எங்கள் வேண்டுகோள் சிறியது. ஷ்பயருக்குப் போகிறவர்கள் பேராலயத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். உள்ளே போகும்போது, நம் ஊரில் ஒரு கோயிலுக்குள் எந்த மனத்தோடு காலெடுத்து வைப்போமோ அதே மனத்தோடு போங்கள்.

எந்தக் காலத்துக் கட்டடம் என்று பெரியவர்கள் கேட்டால், ராஜேந்திர சோழன் காலம் என்று சொல்லுங்கள். உடனே புரிந்துகொள்வார்கள். கொன்ராட் என்ற பேரரசர் 1030 வாக்கில் ரைன் கரையில் இதற்கு அடித்தளம் போட்டார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை எழுப்பினான். கொன்ராட் 1039இல் இறந்தபோது வேலை முடியவில்லை. கட்டி முடியாத ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். நிலவறை 1041இல் அர்ச்சிக்கப்பட்டது, முழு ஆலயம் 1061இல். கொன்ராடின் பேரன் நான்காம் ஹைன்ரிஷ் அத்தோடு திருப்தி அடையவில்லை. தட்டையான மரக்கூரையை எடுத்துவிட்டு, நடுக்கூடம் முழுவதையும் கல் வளைவுகளால் மூடச் செய்தார். 33 மீட்டர் உயரத்தில் கல்லைத் தொங்கவிட்டதுபோன்ற அந்தக் கூரையின் பாரம் எங்கே இறங்குகிறது என்று நின்று பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு தூண் தடித்திருக்கும். ஏற்கெனவே நின்ற தூண்களில் பாரம் தாங்க வேண்டியவற்றை மட்டும் பிறகு பருக்கவைத்திருக்கிறார்கள். பிரான்சின் குளூனி மடாலயப் பேராலயம் இடிக்கப்பட்ட பிறகு, ரோமனெஸ்க் பாணியில் இன்று உலகில் நிற்பவற்றுள் மிகப் பெரிய ஆலயம் இதுதான். நீளம் 134 மீட்டர். யுனெஸ்கோ 1981இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது.

நிலவறைக்குப் போகாமல் திரும்பிவிடாதீர்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு, படி இறங்க வேண்டும் என்பதாலேயே நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பேராலயத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். குட்டையான பருத்த தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். வளைவுகளில் சிவப்பு மணற்கல்லும் மஞ்சள் மணற்கல்லும் மாறி மாறி வரும். ஆயிரம் ஆண்டாகப் பெரிய மாற்றமில்லாமல் நிற்கும் கூடம் அது. அதையொட்டிய கல்லறைக் கூடத்தில் எட்டுப் பேரரசர்களும் அரசர்களும் துயில்கிறார்கள்.

அவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாசாவ் குலத்து அடால்ஃப் அரசராக இருந்தார். ஆஸ்திரியாவின் ஆல்பிரெக்ட் அவரோடு அரியணைக்குப் போட்டியிட்டார். 1298இல் கோல்ஹைமில் நடந்த போரில் அடால்ஃப் கொல்லப்பட்டார், ஆல்பிரெக்ட் அரசரானார். பத்தே ஆண்டுகளில் ஆல்பிரெக்டை அவருடைய தம்பி மகனே கொன்றான். 1309இல் அடுத்த அரசர் இருவர் உடலையும் ஷ்பயருக்குக் கொண்டுவரச் செய்து இங்கேயே அடக்கம் செய்தார். வென்றவரும் தோற்றவரும் இன்றும் ஒரே கூடத்தில் கிடக்கிறார்கள்.

ஆல்பிரெக்டின் தந்தை ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபின் கல்லறைக் கல்லும் அங்கே இருக்கிறது. கிழவரின் முகம், நெற்றிச் சுருக்கம் உட்பட அப்படியே செதுக்கப்பட்டிருக்கும். சிற்பி அரசரின் சுருக்கங்களை எண்ணிவைத்துச் செதுக்கினான், புதிதாக ஒன்று விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கல்லைத் திருத்தினான் என்று பழைய வரலாற்றுக் கதை ஒன்று சொல்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களை அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்கவிடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

நான்காம் ஹைன்ரிஷின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். திருத்தந்தையோடு மோதி, திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, 1077 ஜனவரிப் பனியில் இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் மன்னிப்புக்காகக் காத்து நின்றவர் அவர்தான். மறுபடி மோதினார், மறுபடி விலக்கப்பட்டார். 1106இல் இறந்தபோது, தானே எழுப்பிய ஆலயத்துக்குள் அவரைப் புதைக்க அனுமதி இல்லை. அப்போது இன்னும் அர்ச்சிக்கப்படாதிருந்த வடபுறத்து அஃப்ரா சிற்றாலயத்தில் ஐந்து ஆண்டு கிடந்தார். 1111இல் விலக்கு நீங்கிய பிறகே தகப்பன், பாட்டன் பக்கத்தில் இடம் கிடைத்தது.

இவ்வளவு பழைய கட்டடம் தானாக நின்றுவிடவில்லை. 1689இல் பதினான்காம் லூயியின் படை ஷ்பயர் நகரைக் கொளுத்த முடிவு செய்தபோது, ஊரை விட்டு வெளியேறும்படி மக்களுக்கு ஆணை வந்தது. வண்டியில் ஏற்ற முடியாத கட்டில், மேசை, பெட்டிகளையெல்லாம் பேராலயத்துக்குள் கொண்டுவந்து குவித்தார்கள். அங்கேயாவது பிழைக்கும் என்ற நம்பிக்கை. மே மாத இறுதியில் ஊர் எரிந்தது. பேராலயத்துக்குள்ளும் தீ பரவியது. காப்பாற்றக் கொண்டுவந்த சாமான்களே விறகாகி எரிந்ததில் நடுக்கூடத்தின் மேற்குப் பாதி இடிந்து விழுந்தது. அரசர்களின் கல்லறைகளையும் தோண்டிக் கொள்ளையடித்தார்கள். எண்பது ஆண்டுக்கு மேல் பாதி ஆலயமாகவே நின்ற பிறகு, 1770களில் விழுந்த பகுதியைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சிப் படை 1794இல் மறுபடி சூறையாடியது. 1806இல் இடித்துக் கல்லை விற்றுவிடலாம் என்ற பேச்சே எழுந்தது. மைன்ஸ் ஆயர் கொல்மார் முயன்று தடுத்தார். இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் மேற்கு முகப்பு 1850களில் கட்டியது. தஞ்சைக் கோயிலைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கத் தெரிந்த நமக்கு, ஓர் ஊர் தன் ஆலயத்தை இப்படி மீண்டும் மீண்டும் தூக்கி நிறுத்தியதன் அருமை தெரியாமல் போகாது.

இனி நடத்தை பற்றி. ஷ்பயர் பேராலயம் இன்றும் ஆயரின் ஆலயம். அன்றாடம் பூசை நடக்கிறது, பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள், இறந்தவருக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று ஊரிலுள்ள அத்தைக்கு ஒலிபெருக்கியில் வீடியோ அழைப்புப் போட்டு ஆலயத்தைச் சுற்றிக் காட்டுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பீடத்தின் படியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுப்பதையும் பார்த்திருக்கிறோம். யாரும் சத்தம் போடமாட்டார்கள், திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இது இந்த ஊர் வழக்கம். ஒன்றும் சொல்லவில்லையே என்று நாம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது நற்கருணை. பூசையின் நடுவே மக்கள் எழுந்து வரிசையில் போவார்கள். அதைப் பிரசாதம் என்று எண்ணி நம்மவர்களும் பக்தியோடு வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு பெரியம்மா அந்த வெள்ளை அப்பத்தைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வீட்டில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் மனத்தில் பக்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். நற்கருணை வாங்கும் தயாரிப்போடு இருக்கும் கத்தோலிக்கர் மட்டுமே வாங்குவது, அங்கேயே உட்கொள்ள வேண்டியது, வெளியே எடுத்துப் போகக் கூடாதது. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது பிள்ளைகளான நம் பொறுப்பு. அந்த நேரத்தில் இருக்கையிலேயே அமைதியாக இருந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆசீர் வேண்டும் என்று தோன்றினால், பல ஆலயங்களில் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போகலாம்; குருவானவர் சிலுவை அடையாளமிட்டு ஆசீர் தருவார்.

மற்றவை எளியவை. செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. புடவையும் வேட்டியும் தாராளமாக உடுத்திப் போகலாம். வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் பிள்ளைகள் கையை விட்டு அளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி ஏற்றினால் அதற்குரிய காசைப் பெட்டியில் போடுங்கள். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஞாயிறு காலையில் போய் நின்று முகம் சுளிப்பதைவிட, கதவிலும் இணையத்திலும் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தென்மேற்குக் கோபுரத்தில் 304 படி ஏறினால் ரைன் சமவெளி முழுவதும் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

இந்த மண்ணில் நாமும் விருந்தினரை வரவேற்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஜெர்மானியர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் நடக்கிறார்கள், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நமக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது! ஒவ்வோர் ஆகஸ்டிலும் கெவலார் மாதா திருத்தலத்துக்கு ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள், அவர்களில் இந்துக்களும் ஏராளம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தில் சாதி சமயம் யார் பார்த்தார்கள்? வேற்றுச் சமய ஆலயத்தில் வணங்கி நிற்பது நமக்குப் புதிதே அல்ல. ஊரில் இயல்பாக வரும் அந்தப் பணிவு, கேமரா கையில் ஏறியதும் இங்கே மட்டும் ஏன் நழுவ வேண்டும்?

நம்மிடையே உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களிடம் தனியாக ஒரு சொல். பூசை ஜெர்மனில்தான் இருக்கும், ஆனால் அதன் ஒழுங்கு நீங்கள் சிறுவயதிலிருந்து அறிந்ததே. பக்கத்து இருக்கையில் ஒரு நண்பரின் தாயார் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று மெல்லச் சொல்லிக்கொடுங்கள். நிலவறையின் அரசர்களைக் காட்டுவதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

பேராலயத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் யூதர் முற்றம் இருக்கிறது. ஷ்பயர் ஆயர் 1084இல் யூதர்களை அழைத்துக் குடியமர்த்தினார். அவர்கள் 1120 வாக்கில் கட்டிய சடங்கு நீராடு கிணறு பூமிக்கடியில் இன்றும் இருக்கிறது. 2021இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியாகி 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட புனித எடித் ஸ்டைன், 1923 முதல் 1931 வரை இந்த ஊர்க் கன்னியர் மடத்துப் பள்ளியில்தான் ஆசிரியையாக இருந்தார். அரை நாளில் இதற்கும் நேரம் இருக்கும்.

முடிந்தவர்கள் பேராலயப் பராமரிப்புச் சங்கத்துக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். மணற்கல் ஓயாமல் தேயும் கல், சாரம் கட்டிப் பழுது பார்க்கும் வேலைக்கு முடிவே கிடையாது. நம் பெயரும் கொடுத்தவர்கள் வரிசையில் இருக்கட்டும்.

பேராலயத்தின் பாதுகாவலி விண்ணேற்பு மாதா. ஆகஸ்ட் 15 மாலை திருவிழாப் பூசையும் மெழுகுவத்தி ஊர்வலமும் நடக்கும். அன்று நம் மாநிலத்தில் விடுமுறை இல்லை. அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகக் கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். கார் இல்லாதவர்கள் ரயிலில் ஹைடல்பெர்க், மான்ஹைம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், எங்களில் காரில் போகிறவர்கள் காலி இடங்களை ஒதுக்கிவைக்கிறோம். புதிதாக வந்த குடும்பங்களும், பெற்றோரைத் தனியே அனுப்பத் தயங்குகிறவர்களும் எங்களில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியவர்களுக்கு முன் இருக்கை.

இப்படிக்கு,
வால்டோர்ஃப் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் சிலர்