இருநூறு நிமிடங்களின் பங்கீடு

விருந்து வீட்டில் பந்தி விசாரிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. இலைகள் பல, பாத்திரத்தில் இருப்பதோ அளவானது. யாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய கரண்டிதான் தீர்மானிக்கும். யார் முகம் வாடிற்று என்பதையும் அவரே காண நேரும். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருப்பவருக்கும் ஆட்டந்தோறும் இச்சங்கடம் நேருகின்றது. அவர் பரிமாறுவது சோறன்று, நிமிடங்கள்.

கணக்கு எளிது. கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிடம். களத்தில் ஒரே வேளையில் ஐவர். ஆகப் பயிற்சியாளரின் கையிருப்பு இருநூறு நிமிடங்கள். அணியிலோ பதின்மூன்று, பதினைந்து பேர் இருப்பர். பதினைந்து பேருக்கும் சமமாகப் பகிர்ந்தால் தலைக்குப் பதின்மூன்று நிமிடங்களும் சில நொடிகளும் வரும். ஆனால் அவ்வாறு பகிர்பவர் அநேகமாக இல்லை. ஏழெட்டுப் பேர், மிஞ்சினால் ஒன்பது பேர், ஏறத்தாழ முழுவதையும் எடுத்துக்கொள்கின்றனர். எஞ்சியோருக்கு வெற்றி தோல்வி முடிவாகிவிட்ட பின்னர் வரும் கடைசி இரண்டு நிமிடங்களே கிட்டும். பல நாள் அவையும் இல்லை.

அந்த எஞ்சியோர் யார் என்பதை வாசகர்கள் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். தன் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நிகரற்றவனாக விளங்கியவன்; செய்தித்தாளில் படம் வந்தவன்; ஆட்டத்திற்கென உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்கு வந்தவன். அவனைக் காண நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் பெற்றோர், அவன் தோளில் துவாலையுடன் பெஞ்சில் அமர்ந்து பிறர்க்குக் கைதட்டுவதைக் கண்டு திரும்புகின்றனர். விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடக்கூடிய வருத்தமன்று அது. கல்லூரி வாழ்வில் அவனுக்குக் கிடைப்பவை நான்கே பருவங்கள். போன பருவம் திரும்புவதில்லை.

பயிற்சியாளர் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்? பெரும்பகுதி, மக்கள் காணாத இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நாள்தோறும் நடக்கும் பயிற்சியில் யார் பந்தை இழக்கிறார், யார் எதிராளியைத் தடுக்கத் தவறுகிறார், யார் சொன்ன இடத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் குறிக்கப்படுகின்றன. புள்ளி குவிப்பவனைவிடத் தவறு குறைவாகச் செய்பவனையே பல பயிற்சியாளர்கள் களத்தில் வைத்திருக்க விரும்புவர். நம்பிக்கை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதனையே.

ஆட்டம் தொடங்கிய பின் வேறு கணக்குகள் எழுகின்றன. ஒருவன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆதலால் முற்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் செய்துவிட்ட சிறந்த ஆட்டக்காரனை இடைவேளை வரை உட்கார வைப்பது பலருடைய வழக்கம். பின்னர் அவன் வெளியேற நேரலாம் என்ற ஐயத்திற்காக, இப்போது கையிலிருக்கும் நிமிடங்களை உறுதியாகவே இழக்கின்றனர். இது சிக்கனமா வீணா என்பதில் அந்நாட்டில் தீராத வாதம் உண்டு. எனக்கென்னவோ வீண் என்றே தோன்றுகிறது. இன்னொரு சிறு தந்திரமும் உண்டு. தொலைக்காட்சி விளம்பரங்களுக்காக ஆட்டம் குறித்த வேளைகளில் நிறுத்தப்படும். அதற்குச் சற்று முன்பாகக் களைத்தவனை வெளியே அழைத்தால், ஆட்டக் கடிகாரத்தில் ஒரு நிமிடமே செலவாக, அவனுக்கு மூன்று நான்கு நிமிட ஓய்வு கிடைத்துவிடும். கெட்டிக்காரத் தாய்மார் செலவைச் சமாளிப்பதுபோல் இருக்கிறதல்லவா?

சிலரை மட்டுமே நம்பும் கொள்கைக்குப் புகழ்பெற்ற முன்னோடிகள் உண்டு. 1964 முதல் 1975 வரையுள்ள பன்னிரண்டு பருவங்களில் பத்து முறை தேசியப் பட்டம் வென்ற ஜான் வுடன், ஏழெட்டுப் பேருக்கு மேல் பெரிதும் சார்ந்திருக்க விரும்பியதில்லை. எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவது நீதியாகாது, அவரவர் ஈட்டியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்பது அவர் கருத்து. இதன் எல்லையை 1963ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் காணலாம். இயேசு சபையினரின் சிக்காகோ லொயோலா கல்லூரி, சின்சினாட்டியை எதிர்த்துப் பிற்பகுதியில் பதினைந்து புள்ளிகள் பின்தங்கியது. மீண்டெழுந்து ஆட்டத்தைச் சமன் செய்து, கூடுதலாக அளிக்கப்பட்ட ஐந்து நிமிடங்களின் இறுதியில் 60-58 என வென்றது. தொடங்கிய ஐவரே நாற்பத்தைந்து நிமிடங்களும் ஆடினர். மாற்றாட்டக்காரர் ஒருவரும் உள்ளே வரவில்லை. பட்டம் பெற்ற அணியில் அவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த இரவில் அவர்கள் பெஞ்சைவிட்டு எழுந்தது கைதட்டுவதற்கே.

மறுமுனையில் நிற்பவர்களும் உண்டு. ஜான் காலிபாரி 2014-15 பருவத்தில் கென்டக்கியில் பத்துப் பேரை இரண்டு ஐவராகப் பிரித்து, முறை வைத்து அனுப்பினார். டிசம்பரில் ஒருவர் முழங்காலில் அடிபட்டதால் அந்த ஏற்பாடு குலைந்தது. ஆயினும் நிமிடங்கள் பலருக்கும் பரவியே இருந்தன. சராசரியாக முப்பது நிமிடம் ஆடியவர் ஒருவருமில்லை. தொடர்ந்து முப்பத்தெட்டு ஆட்டங்கள் வென்று, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 எனத் தோற்றனர். அவ்வணியின் டெவின் புக்கர் ஓர் ஆட்டத்திலேனும் முதல் ஐவரில் இடம் பெற்றதில்லை. அவ்வாண்டே தொழில்முறை அணி ஒன்று அவரைப் பதின்மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தது. பெஞ்சிலிருந்து எழுந்து வருபவன் தாழ்ந்தவன் என்று நினைக்கும் பெற்றோர் இதனைக் கவனிக்கலாம்.

வேடிக்கையான முயற்சி அயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில் நடந்தது. விளையாட்டுக்கென உதவித்தொகை அளிக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. அங்கே டேவிட் ஆர்சனோ என்ற பயிற்சியாளர், எல்லோரும் ஆட வேண்டும், ஆட்டம் களிப்பாகவும் இருக்க வேண்டும் என்று, ஏறத்தாழ நிமிடத்திற்கொரு முறை ஐவரையும் ஒருசேர மாற்றும் முறையை வகுத்தார். பதினைந்து பேர் மூச்சிரைக்க ஓடி ஆடினர். பகிர்வதற்கென்று பிறந்த அம்முறையிலேதான், 2012 நவம்பர் 20 அன்று, ஜாக் டெய்லர் என்ற ஒரே இளைஞர் முப்பத்தாறு நிமிடம் களத்தில் நின்று, 108 முறை பந்தை எறிந்து, 138 புள்ளிகள் குவித்தார்! எல்லோருக்கும் என்று ஏற்றிய அடுப்பில் அன்று ஒருவருக்கே விருந்தாயிற்று.

அண்மை ஆண்டுகளில் பயிற்சியாளரின் கரண்டி முன்போல் அதிகாரம் செலுத்துவதில்லை. முன்னெல்லாம் வேறு கல்லூரிக்குச் செல்லும் ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2018இல் இடமாற்றம் நாடுவோருக்கான பதிவேடு திறக்கப்பட்டது. 2021இல் ஒருமுறை காத்திராமல் மாறலாம் என்றாயிற்று. 2024இல் அந்த வரம்பும் நீங்கியது. 2021 ஜூலை முதல் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்டவும் மாணவர்க்கு இசைவு கிடைத்தது. இதனால் நிமிடம் கிடைக்காதவன் பருவம் முடிந்ததும் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் புறப்படுகிறான். மூன்றாம் ஆண்டில் முறை வரும் என்று பொறுத்திருந்த பழைய வழக்கம் மங்கி வருகிறது. இளைஞருக்குப் பொறுமை இல்லை என்று குறை கூறுவோர் பலர். நான் அவர்களுடன் சேர மாட்டேன். பயிற்சியாளர்களும் நல்ல வாய்ப்பு வந்தால் போகிறவர்களே. காலிபாரியும் 2024இல் கென்டக்கியை விட்டு ஆர்கன்சாஸ் சென்றார்.

எனினும், பெஞ்சில் இருப்பவனை இருத்திக்கொள்ளும் வழி ஒன்றை வட கரோலினாவின் டீன் ஸ்மித் அறிந்திருந்தார் எனலாம். 1961 முதல் 1997 வரை அங்கே பயிற்சி அளித்து 879 ஆட்டங்கள் வென்றவர் அவர். களைப்புற்றவன் கையை முஷ்டியாக உயர்த்தினால் போதும். உடனே வெளியே அழைத்துக்கொள்வார். இளைப்பாறியபின் எப்போது திரும்புவது என்பதை அவனே முடிவு செய்யலாம். ஆனால் கை உயர்த்தாமல் களத்திலேயே சோர்ந்து நின்றவனை அவர் கண்டுகொண்டால், திரும்பும் வேளையை அவர்தான் முடிவு செய்வார். களைப்பை ஒப்புக்கொள்பவன் இடம் இழப்பதில்லை, மறைப்பவனே இழப்பான். மேலும், ஆட்டத்தின் முற்பகுதியில், முடிவு இன்னும் தெரியாத வேளையில், மாற்றாட்டக்காரர் ஐவரை நீல அணி என்று பெயரிட்டுச் சேர்த்து அனுப்புவார். முடிவு தெரிந்தபின் எறியப்படும் மிச்சம் அன்று அது. இரண்டே நிமிடமானாலும் ஆட்டத்தின் நடுவே கிடைத்த நிமிடங்கள்.

2015இல் அவர் இறந்தபின், அவருடைய உயிலின்படி, அணிக்காக ஆடித் தகுதி பெற்ற பழைய மாணவர் ஏறத்தாழ 180 பேருக்கும், இரவு விருந்து உண்ண ஆளுக்கு இருநூறு டாலர் சென்றது. மைக்கேல் ஜார்டனுக்கும் அதே தொகை. பெரும்பாலும் பெஞ்சிலேயே இருந்தவனுக்கும் அதே தொகை.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், கல்லூரியை விட்டுப் போகும் இறுதியாண்டு மாணவர் அனைவரையும் முதல் ஐவராக இறக்குவதும் அவருடைய வழக்கம். நான்காண்டும் பெஞ்சைத் தேய்த்தவனுக்கும் அன்று இடம் உண்டு. ஒரு பருவத்தில் இறுதியாண்டினர் அறுவராகிவிட்டனர். விதியோ ஐவரையே அனுமதிக்கும். ஒருவனை உட்கார வைக்க மனமில்லாமல் அறுவரையும் களத்தில் இறக்கினார் ஸ்மித். நடுவர் ஊதினார், தண்டனையாக எதிரணிக்கு இலவச எறிதல் கிடைத்தது. அதைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.