ஐந்து துறையும் ஒரே நாளில் வரட்டும்

தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். சென்னை தி.நகரிலிருந்து அழைப்பு வந்தால், எந்தத் தெருவுக்குள் வண்டி நுழையும் என்பதுதான் எங்கள் முதல் பேச்சு. ரங்கநாதன் தெரு என்றால் முனையிலேயே நிறுத்திவிட்டு, ஹோஸை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தை இடித்தார்கள். அந்தப் புகைக்குள் நின்ற வீரர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இப்படிப்பட்ட ஒரு கடைக்குக் கட்டட அனுமதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சிஎம்டிஏ), கடை உரிமம் மாநகராட்சியிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம், தடையின்மைச் சான்று எங்கள் துறையிடம், சாலையோர வண்டிகள் போக்குவரத்துப் போலீசிடம். ஒருவர் கண்ட குறை அடுத்தவர் மேசைக்குப் போவது அபூர்வம்.

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்பு இந்த ஐவரும் ஒரே நாளில், ஒரே தெருவில் நடக்கட்டும். மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதா, படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டி இருக்கிறதா, அவசர வழிக்குப் பூட்டு போட்டிருக்கிறார்களா? பார்த்ததை ஒரே பதிவேட்டில் எழுதி ஐவரும் கையெழுத்திடட்டும். சரிசெய்யாத கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

தீப்பிடித்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டிக்காமல் தண்ணீர் அடிப்பது எங்கள் ஆட்களின் உயிரோடு விளையாடுவது. அந்தந்தப் பகுதி மின்வாரியப் பொறியாளரின் எண்ணும், குடிநீர் வாரிய லாரி நிரம்பும் இடமும் ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம், மாநகராட்சி ஆணையர் ஒரு கூட்டம் கூட்டினால் போதும்.