எந்த கார்டுல விட்டே?

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ்... உங்க ரெண்டாங்கிளாஸ் ரூம் ஞாபகம் இருக்கா? அரசுப் பள்ளியில படிச்சவங்க கொஞ்சம் கண்ணை மூடி யோசிங்க. பெஞ்ச் கிடையாது, தரையில பாய். சுவத்துல உங்க உயரத்துக்கு ஒரு கரும்பலகை, அதுல உங்களுக்குன்னு ஒரு கட்டம். தலைக்கு மேல குறுக்கும் நெடுக்குமா கம்பி கட்டி, அதுல நீங்க வரைஞ்ச யானை (பார்க்க எலி மாதிரி இருக்கும்!) தொங்கும். ரேக்குல டிரே டிரேயா கலர் கார்டு.

"ஆமா... ஏபிஎல்!"ன்னு கத்தறீங்களா? கரெக்ட். இந்த வாரம் அந்த கார்டு பத்திதான் பேசப் போறோம். 'காலேஜ் பசங்ககிட்ட போய் எல்.கே.ஜி. கதையா?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கடைசியில உங்க அரியர் வரைக்கும் வருது மேட்டர்!

போன மாசம் கண்ணமங்கலம் போயிருந்தேன். வேலூர் - ஆரணி ரோட்டுல இருக்கற ஊர். சித்தி வீடு அங்கதான். பட்டு நெசவுக் குடும்பம். வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஹால்னு தனியா ஒண்ணும் கிடையாது, குழித்தறிதான் ஹால். சித்தி தறியில உக்காந்தபடியே, "இன்னா தம்பி, இளைச்சுப் போயிட்டே?"ன்னு கேட்டாங்க. (எல்லா சித்திங்களுக்கும் இந்த டயலாக்கை யாரு எழுதிக் குடுக்கறாங்க?) தங்கச்சி காலேஜ்ல ஃபைனல் இயர். பரண்ல இருந்து எதையோ எடுக்கப் போனவ, பழைய ஸ்கூல் பையோட இறங்கினா. உள்ளே ஓரம் கிழிஞ்ச ஒரு கார்டு. கூட்டல் கணக்கு, மூலையில ஒரு குட்டிப் படம், ஒரு நம்பர்.

"ஏய்... ஸ்கூல் கார்டை சுட்டுட்டியா?"ன்னேன்.

"தெரியாம வந்துடுச்சுண்ணா. திருப்பிக் குடுக்க பயமா இருந்துச்சு!"

அப்புறம் அந்தக் கார்டோட கதையைச் சொன்னா. அவ ரெண்டாவது படிக்கும்போது சித்திக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. வீட்டுல சித்தப்பா மட்டும்தான் நெய்யறார். ராட்டையில தார் சுத்தித் தர ஆள் வேணுமே? மூணு வாரம் இவ ஸ்கூலுக்கு மட்டம். திரும்பிப் போன அன்னிக்கு அழுகையே வந்துடுச்சாம், 'எல்லாரும் எங்கேயோ போயிருப்பாங்களே'ன்னு. டீச்சர் திட்டலை. சுவத்துல ஒட்டியிருந்த ஏணிப்படி சார்ட்கிட்ட கூட்டிட்டுப் போய், "நீ எந்தக் கார்டுல விட்டே?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். இவ கையை வெச்சுக் காட்டினா. "சரி, அதை எடுத்துட்டு வா"... அவ்வளவுதான். மூணு வாரம் வராத பொண்ணு, விட்ட இடத்துல இருந்து நடக்க ஆரம்பிச்சுட்டா.

இதைக் கேட்டுட்டு இருந்த சித்தி தறியை நிறுத்திட்டாங்க. "என்னை எவனும் அப்படிக் கேக்கலையே"ன்னாங்க.

அது 1986. இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்துல இருந்த காலம். சித்தி மூணாங்கிளாஸ். அவங்க அப்பா படுத்துட்டார். அதே ராட்டை, அதே தார். ரெண்டு மாசம். திரும்பிப் போனா வகுத்தல் கணக்கு முடிஞ்சுடுச்சு. "வாத்தியார் நல்ல மனுஷன்டா. அடிக்க மாட்டார். ஆனா அவங்க நாப்பதாம் பக்கத்துல இருந்தாங்க, நான் பதினெட்டுலயே நின்னுட்டேன். அதுக்கப்புறம் அவங்களைப் பிடிக்கவே முடியல. அஞ்சாவதோட போதும்னு உக்காந்துட்டேன்."

ஒரே வீடு. ஒரே ராட்டை. அம்மாவும் மட்டம் போட்டாங்க, பொண்ணும் மட்டம் போட்டா. அம்மா தறியில, பொண்ணு டிகிரியில. இதுக்கு ஒரு கார்டு மட்டுமே காரணம்னு நான் அடிச்சு விட மாட்டேன். மதிய உணவு, பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப், சித்தியோட வைராக்கியம்னு எல்லாமே இருக்கு. ஆனா அந்தக் கேள்வி இல்லேன்னா ரெண்டாங்கிளாஸ்லயே கதை மாறியிருக்கலாம்.

இந்தக் கார்டு எங்கிருந்து வந்துச்சு? ஃப்ளாஷ்பேக் போவோம்.

வேலூர்ல இருந்து சித்தூர் தாண்டி மேற்கே போனா, மதனப்பள்ளி பக்கத்துல ரிஷிவேலி. அங்கே சுத்துப்பட்டு கிராமங்கள்ல ஒரே டீச்சர், ஒரே ரூம், பல வகுப்புப் பிள்ளைங்க. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல பாடம் எடுக்க முடியாதுன்னு, பாடத்தைக் குட்டிக் குட்டி கார்டா உடைச்சு ஏணி மாதிரி அடுக்கினாங்க. அதைப் பார்த்து அசந்து போனவர், 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பி, 13 பள்ளிகள்ல 'செயல்வழிக் கற்றல்'னு ஆரம்பிச்சார். பிறகு அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநில இயக்குநரா வர, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, ஒண்ணுல இருந்து நாலாவது வரைக்கும் இதுதான் முறைன்னு ஆச்சு.

கொஞ்சம் மான்டிசோரி வாசனையும் இதுல உண்டு. மணி கோர்த்து எண்றது, தரையில உக்காந்து பொருளைத் தொட்டுப் படிக்கிறது எல்லாம் அந்த வழிதான். அந்த மரியா மான்டிசோரி அம்மையார் 1939-ல் நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தவங்கங்கறது எக்ஸ்ட்ரா தகவல்.

க்ளாஸ் எப்படி நடக்கும்? சில பேர் டீச்சர் பக்கத்துல, சில பேர் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்கிட்டு, சில பேர் தனியா. பக்கத்துல உக்காந்திருக்கறவன் உன் வகுப்பாகவே இருக்கணும்னு அவசியம் இல்ல. டீச்சருக்கும் நாற்காலி இல்ல, அவங்களும் பாயில. வெளியே இருந்து பார்த்தா சந்தைக் கடை. 'இது க்ளாஸா?'ன்னு எத்தனை அப்பாக்கள் சண்டைக்குப் போனாங்க தெரியுமா!

அந்த அப்பாக்கள் கோபத்துலயும் நியாயம் இருந்துச்சு. ஒரு டீச்சருக்கு நாப்பது பிள்ளைங்கன்னா எல்லாப் பாய்க்கும் போய் உக்கார முடியாது. கார்டு கிழிஞ்சா புதுசு வர நாளாகும். புரியாமலே பக்கத்துல பார்த்து காப்பி அடிச்சு ஏணியில ஏறினவங்களும் உண்டு. தங்கச்சியே சொன்னா: "ஆறாவது போனதும் பெஞ்ச்ல உக்கார வெச்சு, எல்லாருக்கும் ஒரே பாடம்ணா. முதல் பரீட்சையில ஃபெயில்!" ஏணி நாலாவதோட முடிஞ்சுடுச்சு. அதுக்கு மேல குதிக்கணும். குதிக்கத் தெரியாதவங்க கீழே விழுந்தாங்க.

கார்டு போனாலும் கேள்வி போகல. கொரோனாவுக்காக 2020 மார்ச்ல பூட்டின பள்ளிகள்ல, ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். ஒரு பிள்ளை ரெண்டு பிள்ளை இல்ல, ஊரே மட்டம்! மூணாவது வந்த பிள்ளை, ரெண்டாவதையே ஒழுங்கா பார்த்ததில்ல. அப்பதான் 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்துச்சு. 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்'. முதல்ல ஒண்ணுல இருந்து மூணாவது வரைக்கும், அடுத்த வருஷம் நாலு, அஞ்சாவதுக்கும். அதுல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சாங்க. எந்த வயசுங்கறதை வெச்சு இல்ல, எந்த இடத்துல நிக்கறாங்கறதை வெச்சு. பேர்தான் புதுசு. கேள்வி அதேதான்: "எங்கே விட்டே?"

சித்தி திரும்பவும் நெய்ய ஆரம்பிச்சாங்க. ரெண்டு நிமிஷத்துல பாவுல ஒரு இழை அறுந்துச்சு. தறியை நிறுத்தி, தலைமுடியைவிட மெல்லிசான அந்த இழையைத் தேடிப் பிடிச்சு, முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த ஊடை ஓட்டினாங்க.

"அப்படியே விட்டா என்ன சித்தி? ஒரு இழைதானே?"

"விட்டா சேலை நீளத்துக்கும் ஓட்டை தெரியும்டா"ன்னாங்க, என்னைப் பார்க்காமலே.

இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். உங்க தெருவுல, உங்க வீட்டுல, கூட்டல் கணக்குல திணறுற ஒரு வாண்டு கண்டிப்பா இருக்கும். "இதுகூடத் தெரியாதா?"ன்னு கேக்கறது ரொம்ப ஈஸி. நாம எல்லாரும் கேட்டிருக்கோம். அதுக்குப் பதிலா ஒரு தடவை, "எது வரைக்கும் தெரியும்?"னு கேட்டுப் பாருங்க. அந்த முகத்தைக் கவனிங்க. சாயந்தரம் அரை மணி நேரம் போதும். பி.எட். எல்லாம் வேண்டாம்.

சொன்னபடி அரியர் மேட்டர்: மேத்ஸ் பேப்பர்ல மூணாவது தடவையும் கவுந்த மச்சி, தப்பு அந்த பேப்பர்ல இல்லாம இருக்கலாம். ப்ளஸ் ஒன்ல எங்கேயோ ஒரு இழை அறுந்திருக்கும். வெட்கப்படாம பின்னாடி போய் அந்த இடத்தைத் தேடுங்க.

கிளம்பும்போது அந்தக் கார்டை எங்கிட்ட குடுக்கச் சொன்னேன். தங்கச்சி தரலை. "ஸ்கூல்லயே திருப்பிக் குடுக்கப் போறேண்ணா. பயம் போயிடுச்சு!"