இலவசமெனக் கருதப்படும் உழைப்பு

அந்நியக் களைகளை ஒழிக்க அரசின் பணம் எதற்கு, ஊரார் கூடிச் சிரமதானம் செய்தாற் போதுமே என்பாருளர். இக்கூற்றை மறுக்கும் கடமை பல்கலைக்கழக மாணவர்க்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. இந்நாட்டு வயல்களைப் பாழாக்கிய களைகளுள் ஒன்று உயர்கல்வியின் வாயிலூடாகவே வெளியேறியது.

1939இல் தாவரவியல் கற்பித்தலுக்கெனக் கொழும்புக்குக் கொணரப்பட்ட சல்வீனியா, 1950களின் நடுப்பகுதிக்குள் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களிற் பரவிற்று. அது விதையாற் பெருகுவதன்று. ஒடிந்த துண்டே அதற்குப் போதும். வாய்க்காலை நாள் முழுதும் வாரிய விவசாயி ஒரு துண்டை எஞ்சவிட்டானாயின் அவனுழைப்பு வீணே. 1986இல், பிறேசிலைத் தாயகமாகக் கொண்ட சிறு வண்டொன்று அவுஸ்திரேலியரின் உதவியுடன் இங்கு விடப்பட்டது. அம்முயற்சியின் வரவுசெலவை 1989இல் ஆராய்ந்த டோல்மன், செலவிட்ட ஒரு ரூபாவுக்கு 53 ரூபா பயன் கிட்டுமெனக் கணித்தார். உழைப்பு மணித்தியாலங்களால் அளந்தபோதோ அவ்விகிதம் ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேலாயிற்று! ஆராய்ச்சியாளனின் மணித்தியாலம் விலைகூடியது. சேற்றில் நிற்பவனுடையது மலிந்தது. ஆகவே பணக்கணக்கில் அவனது இழப்பு சுருங்கித் தோன்றுகின்றது. சிரமதானவாதிகளோ அச்சுருங்கிய கணக்கையும் எழுதுவதில்லை.

1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட பாத்தீனியத்தின் கதையும் இதுவே. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை ஈனும். அது பூத்து முற்றிய பின்னர்ப் பதாகையுடன் வந்து பிடுங்கி, வேலியோரம் இழுத்துச்சென்று குவிப்பது களையொழிப்பன்று, விதைப்பு. படமெடுத்தோர் மாலையில் வீடு திரும்புவர். அடுத்த மழைக்கு முளைப்பதை வெங்காயப் பாத்தியிற் குந்தியிருந்து, கை தினவெடுக்கப் பிடுங்குபவள் கூலிப்பெண். அவளது கூலி தோட்டக்காரனின் கடனில் ஏறும்; வெங்காயத்தின் விலையில் ஏறாது.

வண்டு எல்லாக் களைக்கும் மருந்தாகுமோ எனக் கேட்பர். ஆகாது. பாத்தீனியத்தைத் தின்னும் மெக்சிக்கோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டும் அக்களை இந்தியாவை விட்டகலவில்லை. மழைக்காலத்தில் இலையைத் தின்னும் அவ்வண்டு வரட்சியில் மண்ணுள் உறங்கிவிடுகின்றது. நமது வரண்ட நிலத்துக்கேற்ற வழியைத் தேட நிதி வேண்டுமென நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

களைபிடுங்குவதிற் கழியும் மணித்தியாலங்களைப் பிரதேச செயலகந்தோறும் முதலில் எழுதிவைக்கட்டும். ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்னும் விடையை அந்தப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு கூறட்டும்.